பட்டை என்னும் ஒரே பெயரில் இரு பட்டைகள்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, முந்தலைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கடல்மட்டத்திற்கு நான்காயிரம் அடிக்கும் மேலே போடிமெட்டு வந்து சேரும்போது, அடிவாரத்து மாந்தோப்பும் இலவ மரங்களும் மறைந்து ஏலத்தோட்டங்கள் சூழ்ந்துகொள்கின்றன. ஏலச்செடி வெயிலைத் தாங்காது. அதற்கு நிழல் மரங்கள் வேண்டும். அந்நிழல் மரங்களுக்கிடையே, தோல்போன்று தடித்த இலையில் அடியிலிருந்து நுனிநோக்கி மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும் மரமொன்றை ஆங்காங்கே காணலாம். இலையைக் கசக்கினால் கிராம்பும் பட்டையும் கலந்த மணம் எழும். அதுவே காட்டு லவங்க மரம்.

இம்மரத்தையும் இதன் இனத்து மரங்களையும் பற்றி இவ்விதழில் எழுதக் காரணம் உண்டு. நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுவோர் பலர், நாள்தோறும் காலையில் ஒரு தேக்கரண்டி பட்டைத்தூளை வெந்நீரில் கலந்து அருந்துகின்றனர். உறவினர் சொன்னது, அலைபேசியில் வந்தது, மூலிகைதானே என்னும் நம்பிக்கை ஆகியவையே பெரும்பாலும் இதற்குப் பின்னணி. மருத்துவரிடம் மருந்துகளின் பெயரைச் சொல்லும்போது இதனைச் சொல்லுவோர் குறைவு. சமையலறைப் பொருளை மருந்தென்று எவரும் கருதுவதில்லை. ஆயினும் நாள்தோறும் ஒரு தேக்கரண்டி என்பது சமையல் அளவன்று. அது மருந்தின் அளவு. மருந்தாக உட்கொள்ளும் எதற்கும் எது, எவ்வளவு, யாருக்கு என்னும் மூன்று வினாக்கள் உண்டு. பட்டையைப் பொறுத்தவரை ‘எது’ என்னும் முதல் வினாவே மிகுந்த குழப்பத்திற்கு உரியது.

பெயர்க் குழப்பம்

நம் ஊர்க் கடைகளில் ‘பட்டை, லவங்கம்’ என்று சேர்த்துக் கேட்டால், பட்டையும் கிராம்பும் கட்டிக் கொடுப்பார்கள். அங்கு லவங்கம் என்பது கிராம்பு. அதே சொல்லோடு பட்டையைச் சேர்த்து லவங்கப்பட்டை என்றால் அது வேறு மரம். கிராம்பு நாவல் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பூமொட்டு. லவங்கப்பட்டையோ வெண்ணெய்ப்பழ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கற்பூர மரமும் இக்குடும்பமே. இலங்கைத் தமிழர் இதனைக் கறுவா என்று தெளிவாகச் சொல்கின்றனர். அச்சொல்லே இங்கும் வழங்கியிருந்தால் குழப்பம் பாதி குறைந்திருக்கும். போடிப் பகுதியில் பஞ்சுக்குப் பெயர்பெற்ற இலவ மரத்திற்கும் இலவங்க மரத்திற்கும் பெயரொலி ஒன்றுபோல் தோன்றினும் எவ்வித உறவும் இல்லை.

இவற்றைவிட முக்கியமான குழப்பம், பட்டை என்ற பெயரிலேயே வெவ்வேறு மரங்களின் பட்டைகள் விற்கப்படுவதாகும். இலங்கையிலும் தென்மேற்கு இந்தியாவிலும் விளையும் உண்மையான கறுவாவின் தாவரவியற் பெயர் சின்னமோமம் வீரம். ‘வீரம்’ என்பது இங்கு இலத்தீனில் ‘உண்மையானது’ என்று பொருள்படும். பெயரிலேயே போலிகள் உண்டு என்னும் எச்சரிக்கை இருக்கிறது. சீனத்தில் விளைவது காசியா. இந்தோனேசியாவில் விளைவது சின்னமோமம் பர்மன்னி. வியட்நாமில் விளைவது மற்றொன்று. நம் மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் இறக்குமதியாகும் காசியா வகையே. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் இவ்விரண்டையும் வெவ்வேறு பொருள்களாகவே வரையறுக்கின்றன. தால்சினி என்னும் பெயரில் ஒன்றும் தஜ் என்னும் பெயரில் மற்றொன்றும் அவ்விதிகளில் இடம்பெறுகின்றன. கடையில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

போடிமெட்டுச் சரிவுகளிலும் அதற்கப்பால் இடுக்கி மலைகளிலும் இயல்பாக வளரும் காட்டு லவங்கங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. அவற்றுள் ஒன்றான சின்னமோமம் மலபாத்ரம், பண்டைய கிரேக்க வணிகர்கள் மணமுள்ள ஓர் இலைக்கு வழங்கிய மலபாத்ரம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பொருள்களுள் மலபாத்ரமும் ஒன்றென்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. கேரளத்தில் இவ்வினத்து இலைகளை வயணை இலை என்பர். அரிசி மாவும் வெல்லமும் பழமும் பிசைந்து, இலையைக் கூம்பாகச் சுருட்டி அதனுள் வைத்து ஆவியில் வேகவைக்கும் அப்பம் எல்லைக்கு அப்பால் மிகப் பிரசித்தம். இலையின் மணம் மாவில் இறங்கிவிடும், இலையை உண்பதில்லை. இத்தகைய பயன்பாட்டில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை.

தோட்டத்து வாசகர்களுக்கு மட்டும் ஒரு சொல். ஏலக்காய், பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுள் ஒன்று. தெளிப்பு ஏலத்தட்டைகளோடு நின்றுவிடுவதில்லை. நிழல் மரத்தின் தாழ்ந்த கிளைகளிலும் படியும். அம்மரங்களின் இலையையோ பட்டையையோ கஷாயத்திற்கென்று வெட்டி வருவதைத் தவிர்ப்பது நன்று. மேலும் காட்டு மரத்தின் பட்டையில் எவ்வேதிப்பொருள் எவ்வளவு உள்ளதென்பது மரத்துக்கு மரம் மாறும்.

பட்டை உரிக்கும் முறை

கறுவா மரம் தானாக வளர விட்டால் முப்பது, நாற்பது அடி உயரும். ஆனால் பட்டைக்காக வளர்ப்போர் அதனை மரமாக வளர விடுவதில்லை. நட்ட சில ஆண்டுகளில் தரையோடு வெட்டிவிடுவர். அடிக்கட்டையிலிருந்து கைத்தடி பருமனில் பல போத்துகள் கிளம்பும். மழைக்குப் பின் சாறேறிய பருவத்தில், ஒன்றரை அல்லது இரண்டு வயதான போத்துகளை வெட்டி, சொரசொரப்பான புறத்தோலைச் சுரண்டி நீக்குவர். பின்னர் பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்தால் உட்பட்டை கட்டையிலிருந்து நெகிழும். அதனைக் கத்தியால் கீறி முழுமையாக உரித்தெடுத்து, ஒன்றனுள் ஒன்றாகச் செருகி, நிழலில் உலர வைப்பர். உலரும்போது பட்டை தானே சுருண்டுகொள்கிறது. தாள் போன்று மெல்லிய பல அடுக்குகள் கொண்ட சுருட்டு வடிவம் இவ்வாறே அமைகிறது.

டச்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் கறுவாவைத் தோட்டப்பயிராக நடத் தொடங்கும் வரை, அது பெரும்பாலும் காட்டு மரங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. அதே நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியினர் கண்ணூருக்கு அருகே அஞ்சரக்கண்டியில் பெருந்தோட்டம் ஒன்று அமைத்தனர். நம் நாட்டில் இன்று கோழிக்கோடு நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் நவஸ்ரீ, நித்யஸ்ரீ என்னும் இரகங்களையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு நிலையம் ஓர் இரகத்தையும் தந்துள்ளன. ஆயினும் உள்நாட்டு விளைச்சல் நம் தேவையின் சிறு பகுதிக்கே போதும்.

காசியாவின் கதை வேறு. பெரிய மரத்தின் தடித்த பட்டையைப் புறத்தோலோடு உரித்து உலர்த்துவதே பெரும்பாலான வழக்கம். அதனால் அது கனமாக, கடினமாக, ஒற்றை அடுக்காக, இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு இருக்கும். நிறம் கருஞ்சிவப்பு. விரலால் ஒடிக்க முடியாது. மென்றால் காரமும் சற்றுத் துவர்ப்பும் தோன்றும். உண்மையான கறுவா வெளிர்பழுப்பு. விரலால் அழுத்தினாலே நொறுங்கும். சுவையில் இனிப்பு மேலோங்கும். முழுப்பட்டையாக இருக்கும்வரை இவ்வேறுபாட்டை எவரும் கண்டுகொள்ளலாம். தூளாக்கிவிட்டால் ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

ஒரே மரத்தில் மூன்று மணங்கள்

இம்மரத்தின் வேதியியலில் வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. பட்டையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி சின்னமால்டிகைடு. பட்டைக்குரிய மணமும் காரமும் அதனால் வருவன. அதே மரத்தின் இலையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். பல்வலிக்குக் கிராம்பெண்ணெய் வைக்கும்போது மரத்துப்போகச் செய்வது இந்த யூஜினால்தான். ஆதலால் மலிவான லவங்க இலை எண்ணெயைக் கிராம்பெண்ணெயோடு கலந்து விற்பதும் உலகச் சந்தையில் பழைய வழக்கமாகும். வேர்ப்பட்டையின் எண்ணெயிலோ மேலோங்கி நிற்பது கற்பூரம்.

சின்னமால்டிகைடு ஆய்வுக்கூடத்தில் பல நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. இறைச்சியிலும் ஊறுகாயிலும் பட்டை சேர்த்த முன்னோர் அனுபவத்தால் அறிந்தது இதுவாக இருக்கலாம். ஆனால் கண்ணாடிக் குழாயில் கிருமியை அடக்குவதும் மனித உடலில் நோயைத் தீர்ப்பதும் ஒன்றல்ல. செறிவான பட்டை எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகும். வாயில் பட்டால் உட்சவ்வு வெந்துபோகும். பல் கூச்சத்திற்கென்று அதனை நேரடியாகத் தடவுவது தவறு.

சித்த மருத்துவம் லவங்கப்பட்டையை அகட்டுவாய்வகற்றி என்று வகைப்படுத்துகிறது. அதாவது வயிற்றில் சேரும் வாயுவை நீக்குவது. ஆயுர்வேதத்தில் இருமலுக்கு வழங்கும் சிதோபலாதி சூரணத்தில் கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலக்காய் 2, லவங்கப்பட்டை 1 என்பது கணக்கு. இந்த எண்களைக் கவனியுங்கள். 31 பங்கில் ஒரே ஒரு பங்குதான் பட்டை. மரபு மருத்துவம் இதனைச் சிறிய அளவிலேயே பிற பொருள்களோடு சேர்த்து, குறிப்பிட்ட நாள்களுக்குக் கொடுத்தது. தேக்கரண்டி தேக்கரண்டியாக ஆண்டுக்கணக்கில் உண்பது நம் மரபன்று, அண்மைக்காலப் பழக்கமே.

சர்க்கரையைக் குறைக்குமா?

இவ்வெண்ணம் பரவியதற்குப் பெருங்காரணமாக அமைந்தது 2003இல் வெளிவந்த பாகிஸ்தான் ஆய்வு. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 60 பேரில் சிலருக்கு நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் என்ற அளவுகளில் காசியா பட்டையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 40 நாள்கள் கொடுத்தனர். பட்டை உண்டோரின் வெறும்வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 விழுக்காடு வரை குறைந்ததாக அறிவித்தனர். செய்தி உலகெங்கும் பரவியது. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக அமைந்தன. சிலவற்றில் பயன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை. 2012இல் காக்ரேன் அமைப்பினர், 577 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்று முடிவுரைத்தனர். குறிப்பாக, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும் பட்டையைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே பட்டைக்குச் சர்க்கரைமீது எவ்விளைவும் இல்லை என்று சொல்ல இயலாது. மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ மாற்றாகும் என்றும் சொல்ல இயலாது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டைத்தூளை நம்புவதில் உள்ள ஆபத்து, பட்டையின் நச்சுத்தன்மையைவிடப் பெரிது. மறுபுறம், கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே பெருமளவு பட்டையும் உண்போர்க்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி தோன்றினால் உடனே சர்க்கரை அளவைப் பார்த்து, இனிப்பு ஏதேனும் உண்ண வேண்டும்.

கூமரின் என்னும் பொருள்

காசியா வகைப் பட்டைகளில் கூமரின் என்னும் மணப்பொருள் இயற்கையாகவே உள்ளது. புதிதாக அறுத்த வைக்கோலின் இனிய வாசனைக்கு இதுவே காரணம். 1820இல் டோங்கா என்னும் தென்னமெரிக்க மரத்தின் விதையிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டு, நெடுங்காலம் உணவுகளில் மணத்திற்காகச் சேர்க்கப்பட்டது. விலங்குகளில் கல்லீரலைத் தாக்குவது தெரிந்தபின், 1954இல் அமெரிக்கா அதனை உணவில் தனியே சேர்ப்பதைத் தடைசெய்தது. மனிதரில் இது அனைவரையும் தாக்குவதில்லை. பெரும்பாலோரின் கல்லீரல் இதனைத் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. ஒரு சிலருக்கு மட்டும், சற்று மிகுந்த அளவிலேயே கல்லீரல் நொதிகள் உயர்கின்றன. உண்பதை நிறுத்தினால் பெரும்பாலும் சீராகிவிடும். அந்த ஒரு சிலர் யார் என்பதை முன்கூட்டிக் கண்டறிய வழியில்லாததே சிக்கல்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை கூமரின் ஏற்கத்தக்கது என்று வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 6 மில்லிகிராம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், கிறிஸ்துமஸ் காலப் பட்டை ரொட்டிகளைச் சோதித்து 2006இல் மக்களை எச்சரித்தது. அந்நிறுவனத்தின் கணக்கில் காசியாத் தூள் ஒரு கிராமில் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் உண்டு. அவ்வாறாயின் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் எல்லை. நம் வீட்டுத் தேக்கரண்டியில் சமமாக அள்ளினால் ஏறத்தாழ இரண்டரை கிராம் வரும்; குவித்து அள்ளினால் இன்னும் மிகும். ஒரே ஒரு தேக்கரண்டியிலேயே எல்லை தாண்டிவிடுகிறது. என்றோ ஒருநாள் தாண்டுவதால் தீங்கில்லை; நாள்தோறும் தாண்டுவதே கவலைக்குரியது. உண்மையான கறுவாவில் கூமரின் மிகச் சொற்பம். ஒரு கிராமில் பெரும்பாலும் ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

பிரியாணியையும் குருமாவையும் எண்ணி அஞ்ச வேண்டாம். பத்துப் பேருக்கான சமையலில் இரண்டு மூன்று துண்டுப் பட்டையைத் தாளித்து, உண்ணும்போது அதனை ஒதுக்கியும் விடுகிறோம். ஒருவருக்குச் சேர்வது மிகச் சிறிதே.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர்

இதய வால்வு மாற்றியவர்களும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை உண்பதுண்டு. இரண்டாவதன் பெயரில் கூமரின் ஒலிப்பதைக் கண்டு, பட்டையும் இரத்தத்தை மெலிதாக்குமோ என்று கேட்போர் உண்டு. இவ்வினாவுக்குப் பின்னே சுவையான வரலாறு இருக்கிறது. 1920களில் வட அமெரிக்காவில் இனிப்புக் குளோவர் என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்தன. நல்ல தீவனம் தின்றவை பிழைத்தன. பூஞ்சணம் பிடித்ததைத் தின்றவையே மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர், குளோவரிலுள்ள கூமரினைப் பூஞ்சை டைகூமரால் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகிறது என்பதை 1940 அளவில் கண்டறிந்தனர். அதன் வழிவந்ததே வார்ஃபரின். ஆக, கூமரின் தன்னளவில் இரத்த உறைவைத் தடுப்பதில்லை. அதிலிருந்து உருவான பொருளே தடுக்கிறது.

ஆயினும் இம்மாத்திரை உண்போர் நாள்தோறும் பட்டைத்தூள் உண்ணத் தொடங்குவதை ஏற்க இயலாது. இரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்வது கல்லீரல். அம்மாத்திரைகளைச் சிதைப்பதும் கல்லீரலே. அதன் நிலை சிறிது மாறினாலும் ஐஎன்ஆர் அளவு மாறக்கூடும். ஏற்கெனவே உண்டு வருவோர், அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கொழுப்புக் கல்லீரல், மஞ்சட்காமாலை, மதுவால் பாதிக்கப்பட்ட கல்லீரல் உள்ளவர்களும், காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் உண்போரும் மருந்தளவில் பட்டை உண்ணலாகாது. காசநோய் மருந்துகளே கல்லீரலுக்குச் சுமை. பசியின்மை, குமட்டல், சிறுநீர் கடும் மஞ்சளாதல், கண் மஞ்சளாதல், காரணமற்ற சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் தூளை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். காசநோய் மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கருவுற்ற பெண்களுக்கும் சமையல் அளவே போதும். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், உண்டுவரும் மூலிகைகள் அனைத்தையும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வாங்குவதும் வைப்பதும்

பட்டையை இயன்றவரை முழுதாகவே வாங்கி வீட்டில் பொடிக்கலாம். இனம் எதுவென்று தெரிந்துகொள்ள அதுவே வழி. கலப்படத்தைத் தவிர்க்கவும் அதுவே வழி. 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் சேர்த்த பட்டைத்தூளில் ஈயம் கலந்திருந்ததால் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவு உயர்ந்தது. நிறம் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. உண்மையான கறுவா விலை மிகுதி. சிறிது வாங்கி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வைத்தால் மணம் நெடுநாள் நிற்கும்.

பட்டைத்தூளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். உலர்ந்த தூளை வாய்நிறையப் போட்டு விழுங்கும் விளையாட்டு ஒன்று இணையத்தில் பரவியிருந்தது. பட்டைத்தூளின் நார் எளிதில் கரைவதில்லை. மூச்சுக்குழலில் புகுந்தால் நுரையீரலில் தங்கி அழற்சியை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் கொடியது. தூளை உள்ளிழுத்த பிள்ளை தொடர்ந்து இருமினாலோ மூச்சுவிடத் திணறினாலோ, தண்ணீர் புகட்டிப் பார்த்துக்கொண்டிராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். தூள் இருந்த பொட்டலத்தையும் உடன் எடுத்து வாருங்கள்.